ஸ்பெயின் வெள்ளை ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி: நான்கு பாட்டில்களில் ஒரு பயிற்சி

ஒயின் சுவைக்கப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் வாசனைப் பெயர்கள்தான். பாட்டிலின் பின்பக்கத்தில் வெள்ளைப் பீச், எல்டர் பூ, கிரேப்ஃப்ரூட் என்று என்னென்னவோ எழுதியிருக்கும். மூக்கை விட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது. 'நமக்கு இது வராது' என்று கோப்பையை வைத்துவிடுவார்கள்.

அந்தப் பட்டியலை ஒதுக்கிவையுங்கள். ஸ்பெயினின் வெள்ளை ஒயின்களைப் பிரித்தறிய வாயில் நடப்பதைக் கவனித்தாலே பெரும்பாதி வேலை முடிந்துவிடும். புளிப்பு எவ்வளவு, உவர்ப்பு தட்டுகிறதா, கசப்பு எப்போது வருகிறது, துவர்ப்பு உண்டா, தொண்டையில் சுடுகிறதா, சர்க்கரை மிச்சமிருக்கிறதா. இந்த ஆறும் நமக்குச் சின்ன வயதிலிருந்தே பழகியவை. நெல்லிக்காயைக் கடித்தவருக்குப் புளிப்பு, துவர்ப்பு, தண்ணீர் குடித்ததும் வரும் இனிப்பு மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தத் திறமையை ஒயினுக்குத் திருப்புவதுதான் இந்தப் பயிற்சி.

எந்த பாட்டில்கள்

நான்கு போதும். எட்டு, பத்து என்று அடுக்கினால் பாதியிலேயே நாக்கு சோர்ந்துபோகும். சுவைக்க வேண்டிய வரிசையிலேயே தருகிறோம்:

1. அல்பாரின்யோ: வடமேற்கில் அட்லாண்டிக் கரையை ஒட்டிய கலீசியாவின் ரியாஸ் பைஷாஸ் பகுதி. அறுவடையாகி இரண்டு ஆண்டுக்குள் இருக்கட்டும்.
2. வெர்தேஹோ: வயாதோலித் நகருக்குத் தென்மேற்கே உள்ள ருவேதா பகுதி. இதுவும் இளையது, பீப்பாய் காணாதது.
3. ஓக் பீப்பாயில் முதிர்ந்த, வட ஸ்பெயினின் ரியோஹா பகுதி வெள்ளை. பெரும்பாலும் வியூரா திராட்சை. லேபிளில் எவ்வளவு காலம் முதிர்ந்தது என்பதைக் குறிக்கும் 'கிரியான்சா' அல்லது 'ரெசெர்வா' என்ற சொல் இருக்கும்.
4. மான்சனியா: தெற்கே குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் சான்லூகார் தெ பர்ரமேதா ஊரில் முதிர்வது. கிடைக்காவிட்டால் ஹெரேஸ் ஊரில் அதே முறையில் செய்யும் ஃபீனோ.

ஒவ்வொன்றும் ஒரு பாடம். அல்பாரின்யோவில் புளிப்பு, வெர்தேஹோவில் கசப்பு, ரியோஹாவில் மரத்தின் துவர்ப்பு, மான்சனியாவில் ஈஸ்ட் படலத்தின் வேலை. ஐந்தாவதாக ஒன்று வாங்க முடிந்தால் வல்தியோர்ராஸ் பகுதியின் கொதேயோ வாங்கி, வெர்தேஹோவுக்கும் ரியோஹாவுக்கும் நடுவில் வையுங்கள். 1970களில் ஏறக்குறைய அழிந்துபோகும் நிலையிலிருந்து மீட்கப்பட்ட திராட்சை இது. வாசனை அடக்கமாகவும் வாயில் கனமாகவும் இருக்கும்.

கடையில் லேபிளைப் பார்க்கும்போது சில சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். 'தெனொமினாசியோன் தே ஓரிஹென்' என்பது ஊர்ப்பெயருக்கான சட்டப் பாதுகாப்பு. ருவேதாவுக்கு 1980லும் ரியாஸ் பைஷாஸுக்கு 1988லும் அது கிடைத்தது. 'கொசெச்சா' அல்லது 'அன்யாதா' என்பது அறுவடை ஆண்டு. 'சோப்ரே லியாஸ்' என்றால் ஈஸ்ட் வண்டலோடு சேர்த்து முதிரவிட்டது. அது வாயில் கொஞ்சம் கொழுகொழுப்பாக இருக்கும். 'ஃபெர்மென்தாதோ என் பர்ரிகா' என்றால் பீப்பாயிலேயே நொதித்தது. வெள்ளை ரெசெர்வா குறைந்தது இரண்டு ஆண்டு முதிர வேண்டும், அதில் ஆறு மாதம் பீப்பாயில். கிரான் ரெசெர்வாவுக்கு நான்கு ஆண்டு. மான்சனியாவில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது, ஏனென்றால் பழையதும் புதியதும் கலந்துகொண்டே போகும் 'சொலேரா' முறையில் அது தயாராகிறது. அதில் பாட்டிலில் அடைத்த தேதியைத் தேடுங்கள். ஒரு வருடத்துக்குள் இருந்தால் நல்லது.

நிறமற்ற கண்ணாடி பாட்டிலில் வந்து, கடையின் குழல்விளக்குக்கு நேர் கீழே நிற்பதை எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஒயினில் கந்தகச் சேர்மங்கள் உருவாகி வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் வரும். அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் இன்னொன்றைக் கேட்டு வாங்குங்கள்.

சுவைக்கும் முன்

கோப்பை: 1977இல் வகுத்த சர்வதேசத் தர அளவில் ஒரு சுவைக் கோப்பை இருக்கிறது. மொத்தக் கொள்ளளவு சுமார் 215 மில்லி, வயிறு அகலம், வாய் குறுகல். அதுவேதான் வேண்டும் என்றில்லை. வாய் வயிற்றைவிடக் குறுகலாக இருந்தால் சரி. ஆனால் நான்கு ஒயினுக்கும் ஒரே மாதிரிக் கோப்பை வேண்டும். கோப்பை மாறினால் வாசனையும் மாறும், ஒப்பிட முடியாது. சோப்பு வாசம் போக வெந்நீரில் அலசி, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். மர அலமாரியில் கவிழ்த்துவைத்தால் அலமாரியின் பழைய வாடை உள்ளே அடைபட்டு நிற்கும்.

அளவு: ஒரு கோப்பைக்கு 50 மில்லி. 750 மில்லி பாட்டிலில் 15 பேருக்கு ஊற்றலாம், சிந்தல் போகப் பன்னிரண்டு பேர் என்று கணக்கு வையுங்கள். அதிகம் ஊற்றினால் சுழற்ற இடமிருக்காது.

குளிர்ச்சி: புதியவர்களின் மதிப்பீடு மிக அதிகமாகக் கெடுவது இதில்தான். அல்பாரின்யோ, வெர்தேஹோ 8 முதல் 10 டிகிரி. பீப்பாய் ரியோஹாவும் கொதேயோவும் 11 முதல் 13. மான்சனியா 7 முதல் 9. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியிலிருந்து நேராக எடுத்து ஊற்றினால் வாசனை எழும்பாது, கசப்பும் துவர்ப்பும் துருத்திக்கொண்டு நிற்கும். நல்ல ரியோஹாவை 'வெறும் மரம்' என்று தள்ளிவிட நேர்வது இதனால்தான். 20 டிகிரிக்கு மேல் போனால் ஆல்கஹால் முந்திக்கொண்டு வரும், புளிப்பு மழுங்கும். அறை வெப்பத்தில் இருக்கும் பாட்டிலைப் பாதி ஐஸ் பாதி தண்ணீர் நிரம்பிய வாளியில் கழுத்துவரை இறக்கினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தயார். ஐஸ் கட்டிகளை மட்டும் கொட்டினால் இடையில் காற்று நிற்கும், குளிர மெதுவாகும். சமையலறை வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

இடம், நேரம்: காலை பதினொரு மணி வாக்கில் நாக்கு நன்றாக வேலை செய்யும். ஒரு மணி நேரத்துக்கு முன்பே காபி, ஊறுகாய், பற்பசை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தாளிப்பு வாசம், ஊதுபத்தி, தலையில் மல்லிகை, அத்தர் எதுவும் அருகில் வேண்டாம். இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும்.

துப்புவதற்கு ஒரு பாத்திரம் கட்டாயம். தெறிக்காமலிருக்க அடியில் காகிதத் துவாலையைக் கசக்கிப் போடுங்கள். நான்கு கோப்பை என்றால் 200 மில்லி. அதையும் 12 முதல் 15 சதவீத ஆல்கஹாலில் விழுங்கினால் நான்காவது ஒயினைப் பற்றி நீங்கள் எழுதும் எதையும் நம்ப முடியாது. வண்டி ஓட்டிப் போக வேண்டியவர் ஒரு மிடறும் விழுங்கக் கூடாது.

முதல்நாள் ஒத்திகை

இதைச் செய்பவர்கள் குறைவு, பலனோ மிக அதிகம். ஒவ்வொரு லிட்டர் தண்ணீரிலும் ஒன்றைக் கரையுங்கள்: 1 கிராம் சிட்ரிக் அமிலம், 5 கிராம் சர்க்கரை, 1.5 கிராம் உப்பு. கசப்புக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். துவர்ப்புக்குக் கடுப்பாகப் போட்டு ஆறவைத்த, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். ஐந்தையும் வாயில் வைத்துத் துப்பி, ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த நொடியில் தெரிகிறது என்று எழுதுங்கள். கசப்பு தாமதமாக வரும். துவர்ப்பு சுவைபோல வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி இழுபடும் உணர்வாக வரும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் வெர்தேஹோவையும் ரியோஹாவையும் குழப்பிக்கொள்வார்கள்.

பார்ப்பது

கோப்பையை வெள்ளைக் காகிதத்தின்மேல் 45 டிகிரி சாய்த்துப் பாருங்கள். இளைய ஒயின் வெளிறிய வைக்கோல் நிறம், ஓரத்தில் இளம்பச்சைச் சாயல். பீப்பாய் ரியோஹா பொன்னிறம். இளைய வெர்தேஹோ பழுப்பாக, வெட்டிவைத்த ஆப்பிள் நிறத்தில் இருந்தால் காற்றுப்பட்டுக் கெட்டிருக்கிறது. சுவரில் ஒட்டிய சிறுகுமிழ்கள் நொதித்தலில் மிஞ்சிய கரியமில வாயு, குற்றமில்லை. வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் செய்யும் சாக்கொலி ஒயினில் அதைத் தேடியே குடிப்பார்கள். அடியில் கண்ணாடித்தூள்போல் படிகம் தெரிந்தால் அது திராட்சையின் டார்டாரிக் அமில உப்பு. பயப்பட வேண்டாம். சுவரில் வழியும் 'கண்ணீரை' வைத்துத் தரம் சொல்ல முடியாது. கண்ணுக்கு இவ்வளவு வேலைதான்.

முகர்வது

முதலில் சுழற்றாமல் முகருங்கள். குற்றங்கள் அப்போதுதான் சுலபமாகத் தெரியும். பிறகு கோப்பையின் அடியை மேசையில் வைத்தபடியே நான்கைந்து முறை சுழற்றி, இரண்டு நொடிக்கு மேல் போகாத சிறு மூச்சுகளாக இழுங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு பழகிப்போய் வாசனை மறைந்துவிடும். அரை நிமிடம் விட்டுத் திரும்ப முகர்ந்தால் வரும்.

மூன்று கேள்விகள் போதும். வாசனையின் வலிமை ஐந்துக்கு எத்தனை? பச்சையா, பழுத்ததா, உலர்ந்ததா? காயிலிருந்து வருகிறதா, நொதித்தலிலிருந்தா, முதிர்ச்சியிலிருந்தா? பெயர் சொல்லத் தோன்றினால் உங்கள் வீட்டுப் பெயரையே எழுதுங்கள். சோம்பு, எலுமிச்சை இலை, கொய்யா, ஊறவைத்த பாதாம், மழை பெய்த கருங்கல் எல்லாம் சரியான குறிப்புகள்தான். அடுத்த முறை அதே வாசனை வரும்போது உங்களுக்கு நினைவு வர வேண்டும், அவ்வளவுதான் அதன் பயன்.

வாயில்

முதல் மிடறு வாயைக் கழுவ மட்டும். அதை மதிப்பிடாமல் துப்பிவிடுங்கள். இரண்டாவது 10 முதல் 15 மில்லி எடுத்து, பத்து நொடி நாக்கின் எல்லாப் பக்கமும் உருட்டி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, துப்புங்கள்.

புளிப்பை அளக்க, துப்பியதும் தலையைச் சற்றுக் குனிந்து வாயை லேசாகத் திறந்து வையுங்கள். நாக்கின் அடியிலும் கன்னங்களிலும் எச்சில் ஊறும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் என்பதே அளவுகோல்.

இனிப்பில் எல்லோரும் ஏமாறுவார்கள். பழ வாசனை அடித்தால் மூளை அதை இனிப்பு என்று எண்ணிக்கொள்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு வைத்துப் பாருங்கள். உண்மையான சர்க்கரை இருந்தால் அப்போதும் இனிக்கும். 'செக்கோ' என்று எழுதிய ஒயினில் பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள்தான் சர்க்கரை. புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது.

ஆல்கஹாலுக்கு, துப்பியபின் வாய்வழியே மூச்சை வெளியே விடுங்கள். தொண்டையில் சுட்டால் அதைக் குறியுங்கள். கடைசியாக நீளம்: துப்பிய கணத்திலிருந்து வாசனை மறையும்வரை நொடிகளை எண்ணுங்கள். புளிப்பினால் ஊறும் எச்சிலை நீளமென்று எண்ணிவிடாதீர்கள். ஐந்துக்குள் முடிந்தால் எளிய ஒயின், பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய ஒயின்.

நான்கையும் பக்கத்தில் வைத்து

அல்பாரின்யோ. கருங்கல் மண், ஓயாத அட்லாண்டிக் மழை. ஈரத்தில் பூசணம் பிடிக்காமல் காற்றோட்டம் கிடைக்க, கொடிகளைக் கற்தூண்கள்மேல் ஆளுயரப் பந்தலில் படரவிடுகிறார்கள். நம் ஊர்ப் புடலைப் பந்தல் கண்ணுக்கு வரும். வாயில் வைத்த உடனே புளிப்பு, எச்சில் நிற்காது. அதன் பின்னால் நாக்கின் ஓரங்களில் லேசான உவர்ப்பு. புளிப்பு மட்டும் கூர்மையாகக் குத்தி நடுவில் ஒன்றுமே இல்லாமல் காலியாக இருந்தால் காய் பழுக்குமுன் அறுத்தது. புளிப்பைச் சுற்றிச் சதைப்பற்று இருந்தால் நல்ல பாட்டில். வண்டலில் முதிர்ந்தது ஐந்தாறு ஆண்டும் நன்றாகத் தாங்கும்.

வெர்தேஹோ. இதில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். துவேரோ ஆற்றுக்கு அருகே, கடல்மட்டத்துக்கு 700, 800 மீட்டர் உயரத்தில், கூழாங்கல் நிலத்தில் விளைகிறது. காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும் திராட்சை. அதனால் இரவில், குளிர்ந்த நேரத்தில் அறுவடை செய்கிறார்கள். ரியோஹாவின் மார்க்கேஸ் தெ ரிஸ்கால் நிறுவனம் 1972இல் ருவேதாவுக்கு வந்து புத்துணர்ச்சியான வெள்ளை ஒயின் செய்யத் தொடங்கிய பிறகே இன்று நாம் அறியும் வெர்தேஹோ பரவியது. முகர்ந்தால் சோம்பும் வெட்டிய புல்லும். வாயில் முதல் இரண்டு நொடி பழம். மூன்றாவது நொடியில் நடுநாக்கு நிறையும். துப்பிய பிறகு, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, அடிநாக்கில் ஒரு சின்னக் கசப்பு எழும். வெள்ளரிக்காயின் காம்புப்பக்கத்தைக் கடித்ததுபோல. அந்தக் கசப்பு இந்தத் திராட்சையின் கையெழுத்து. சுத்தமாக வந்து, அடுத்த மிடறுக்கு வாயைத் தயார் செய்துவிட்டுப் போனால் மதிப்பெண் கூட்டுங்கள். கரகரப்பாக, தோலை அழுத்திப் பிழிந்ததுபோல் ஒட்டிக்கொண்டு நின்றால் குறையுங்கள். கசப்பே இல்லை, வாழைப்பழ மிட்டாய் வாசனை மட்டும் தூக்கலாக அடிக்கிறது என்றால், மிகக் குளிரவைத்து நொதிக்கவிட்ட ஈஸ்டின் வாசனை அது, திராட்சை பேசவில்லை. அப்படிப்பட்டவை கடைகளில் நிறைய. விலை மலிவு என்பதைத் தவிர அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

ரியோஹா வெள்ளை. வியூரா தன்னளவில் சாதுவான திராட்சை. பீப்பாயும் காலமும்தான் அதைப் பேசவைக்கின்றன. முகர்ந்தால் வெண்ணெய், வறுத்த முந்திரி, தேன். நாக்கால் மேலண்ணத்தைத் தடவினால் லேசான துவர்ப்பு. கேட்க வேண்டியது ஒன்றுதான்: மரம் முன்னால் நிற்கிறதா, ஒயின் முன்னால் நிற்கிறதா? துப்பிய பிறகு நீளத்தில் பழமும் புளிப்பும் மிஞ்சினால் சரி. வெனிலாவும் மரத்தூளும் மட்டும் மிஞ்சினால் பீப்பாய்க்கு ஈடுகொடுக்க ஒயினில் சத்தில்லை. ஹாரோ ஊரில் 1877 முதல் இருக்கும் லோபெஸ் தெ எரேதியா போன்ற பழைய பாணி நிறுவனங்கள் பல ஆண்டு பீப்பாயில் வைத்து வெளியிடும் வெள்ளையில், உலர்பழமும் கொட்டைப்பருப்பும் மணக்க, புளிப்பு மட்டும் இளமையாகவே இருக்கும். அதை இளைய ஒயினின் அளவுகோலால் அளக்கக் கூடாது.

மான்சனியா. முதன்முறை சுவைப்பவர் பெரும்பாலும் 'கெட்டுப்போயிருக்கிறது' என்பார். பலோமினோ திராட்சை ஒயினை 15 சதவீத ஆல்கஹாலுக்கு உயர்த்தி, பீப்பாயை நிரப்பாமல் ஆறில் ஒரு பங்கு காலியாக விடுகிறார்கள். மேலே 'ஃப்ளோர்' என்ற ஈஸ்ட் ஆடை படிகிறது, பாலில் ஏடு படிவதுபோல. அந்த ஏடு காற்று உள்ளே போகாமல் தடுக்கிறது. ஒயினிலிருக்கும் கிளிசராலைத் தின்கிறது. அசிட்டால்டிஹைடு என்ற பொருளை உண்டாக்குகிறது. ரொட்டி மாவு, பச்சைப் பாதாம், பழுத்துக் கனிந்த ஆப்பிள் வாசனை எல்லாம் இதனால் வருபவை. கெட்ட ஒயினிலும் அசிட்டால்டிஹைடு உண்டு, அதனால்தான் குழப்பம். பிரித்தறியக் கண்ணே போதும்: மான்சனியா வெளிறிய வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும், காற்றில் கெட்டது பழுப்பேறியிருக்கும். இன்னொரு பொறியும் உண்டு. வாயில் ஊசிபோல் குத்துவதால் 'புளிப்பு அதிகம்' என்று எழுதிவிடுவார்கள். எச்சில் சோதனை செய்து பாருங்கள், அல்பாரின்யோ அளவுக்கு ஊறாது. பலோமினோவில் புளிப்பு குறைவு. கிளிசரால் போய்விட்டதால் வரும் வறட்சியும் அசிட்டால்டிஹைடின் கூர்மையும்தான் அப்படிக் குத்துகின்றன.

குற்றங்கள்

ஈரச் சாக்கு, நனைந்த அட்டைப்பெட்டி வாடை: கார்க்கிலிருந்து வரும் டி.சி.ஏ. என்ற சேர்மம். நேரம் ஆக ஆகக் கூடும், குறையாது. கடையில் மாற்றிக் கேளுங்கள். லேசாக இருக்கும்போது வாடையே தெரியாமல் பழவாசனை மட்டும் செத்துப்போயிருக்கும். இரண்டாவது பாட்டில் கைவசம் இருந்தால்தான் பிடிபடும்.

அழுகிய முட்டை: ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஒரு கோப்பையில் புளி போட்டுத் துலக்கி நன்றாகக் கழுவிய சிறு செம்புத் துண்டைப் போட்டு ஒரு நிமிடம் சுழற்றுங்கள். நாற்றம் போய்விட்டால் அதுதான் காரணம். சோதித்த ஒயினைக் கொட்டிவிடுங்கள். லேசானதென்றால் பாட்டிலைத் திறந்துவைத்தாலே போகும்.

நகப்பூச்சு அழிக்கும் திரவம் அல்லது காடி வாசனை: பாக்டீரியா வேலை. சரிசெய்ய வழியில்லை.

மதிப்பெண்

உலகப் போட்டிகளில் பலவும் பின்பற்றும் சர்வதேசத் திராட்சை ஒயின் அமைப்பின் நூறு மதிப்பெண் தாளில் கண்ணுக்கு 15, மூக்குக்கு 30, வாய்க்கு 44, ஒட்டுமொத்த இசைவுக்கு 11. வாய்க்கு எவ்வளவு இடம் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் சில முறை எண் போடாமல் ஆறு சுவையையும் நீளத்தையும் மட்டும் எழுதுங்கள். பிறகு லேபிளை மறைத்து, பாட்டில்களைத் தாளில் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்லி அதே நான்கைத் திரும்பச் சுவையுங்கள். ஊரையும் விலையையும் தெரிந்துகொண்டு போடும் எண்ணும் தெரியாமல் போடும் எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்று தாளிலேயே தெரியும்.

மிச்சத்தைக் கொட்ட வேண்டாம். கார்க்கை இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் நிறுத்திவைத்து மறுநாள் அதே வேளையில் அதே கோப்பையில் சுவைத்துப் பாருங்கள். மலிவான வெர்தேஹோவின் வாசனை பாதி போயிருக்கும். நல்ல அல்பாரின்யோ அப்படியே நிற்கும். முந்தின நாள் மரமாக முறைத்த ரியோஹா சில நேரம் அவிழ்ந்து கொடுக்கும். மான்சனியா ஒரு வாரம் தாங்கும், அதற்குமேல் அந்த ரொட்டி வாசனை மங்கிவிடும். மீந்தது மீன் குழம்புக்கு அல்ல, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டு வதக்கும் இறாலுக்கு ஊற்றுங்கள், சான்லூகாரில் செய்வதுபோல.